கண்ணாடி முன் நின்று படித்தவர்

2004 வாக்கில் இருக்கும். சிவகாசியில் பட்டாசு லேபிள் அச்சடிக்கும் பிரஸ் ஒன்றில் கம்ப்யூட்டரில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். எம். புதுப்பட்டியிலிருந்து தினமும் பஸ். வெளிநாட்டுத் தமிழர்கள் சிலர் நடத்திய ஓர் இணைய இதழை பிரவுசிங் சென்டரில் பார்த்தேன் பாருங்கள், அன்றிலிருந்து அதில் என் பெயர் வந்தே ஆகவேண்டும் என்ற பைத்தியம் பிடித்துக்கொண்டது!

தீபாவளி மலருக்குக் கட்டுரை கேட்டிருந்தார்கள். விடுவேனா? பட்டாசுக் கம்பெனியில் திரி வைக்கும் என் அம்மாவைப் பற்றி எழுதினேன். சீசன் முழுக்க ஓய்வில்லாமல் வேலை பார்த்துவிட்டு, நாடே வெடி வெடிக்கும் தீபாவளியன்று அம்மா போர்த்திக்கொண்டு தூங்குவார். பக்கத்து வீட்டில் சரவெடி போட்டாலும் அசைய மாட்டார். அதைத்தான் எழுதி அனுப்பினேன். பிரஸ் முழுக்கத் தம்பட்டமும் அடித்தாயிற்று.

மறுநாளே ஆசிரியரிடமிருந்து மெயில். எங்கள் பிரஸ் ஃபான்ட் அவரிடம் இல்லையாம், எழுத்தெல்லாம் கோழி கிளறியது போல் தெரிகிறதாம். படமாக ஸ்கேன் செய்து இன்றே அனுப்புங்கள், மலரை முடிக்கிறோம் என்று எழுதியிருந்தார்.

படம்தானே, நமக்குத் தெரியாததா! மதியச் சாப்பாட்டு நேரத்தில் வழக்கம்போல ட்ரேசிங் தாளில் பிரிண்ட் எடுத்தேன். அந்தத் தாளில் எழுத்தை இடவலம் மாற்றித்தான் எடுப்போம். அச்சுப் பிளேட்டில் கவிழ்த்து வைத்தால் நேராக விழும். மெல்லிய தாள் என்பதால் பின்பக்கமாகப் பார்த்தால் நேராகவே படிக்கலாம். நானும் அப்படிப் படித்துப் பார்த்து, அதே பக்கம் மேலே இருக்க ஸ்கேனரில் வைத்தேன். வந்த படத்தைச் சாயங்காலம் பிரவுசிங் சென்டரிலிருந்து மெயிலில் தட்டிவிட்டு, தலைகால் புரியாத சந்தோஷத்தில் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை பிளேட் போடும் அண்ணாச்சி ஸ்கேனர் மூடியைத் திறந்தவர், நான் எடுக்க மறந்த தாளைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏந் தாயி, படிக்கிற பக்கத்த மேல வச்சிருக்கியே! மிசினு கீழ்ப்பக்கத்தையில்ல பாக்கும்? அம்புட்டும் திரும்பியில்ல போயிருக்கும்!"

எனக்குப் பகீரென்றது. படம் திரையில் வந்தபோதே நான் பார்த்தேனே! வருடக்கணக்காகத் திரும்பிய எழுத்தையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது உறைக்கவே இல்லை. மலர் வேலையும் முடிந்திருக்கும். பாத்ரூமுக்குள் போய் அழுது தீர்த்தேன்.

சாயங்காலம் மன்னிப்பு கேட்டு எழுதலாம் என்றுதான் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அங்கே எனக்கு முன்னால் ஆசிரியருடைய மெயில் வந்து கிடந்தது.

"அம்மா, உங்கள் கட்டுரையைத் தாளில் எடுத்து, முகம் பார்க்கும் கண்ணாடி முன் பிடித்துப் படித்தேன். கம்ப்யூட்டரிலேயே திருப்பிவிடலாம் என்று மகள் சொன்னாள். அதற்குள் பாதி படித்துவிட்டேன், நகர மனம் வரவில்லை. நின்றபடியே முடித்தேன். முழுவதையும் நானே டைப் செய்துவிட்டேன். மலரில் வருகிறது."

"அய்யோ!" என்று நான் போட்ட சத்தத்தில் சென்டரே திரும்பிப் பார்த்தது. வெட்கமாவது ஒன்றாவது! மறுபடி மறுபடி அதையே படித்தேன். கடைசி பஸ் போய்விடும் என்று சென்டர்காரர் வந்து கிளப்ப வேண்டியிருந்தது.

மலர் வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கையோடு கூட்டிப்போய், திரையில் என் பெயரைக் காட்டி, முழுக்க வாசித்துக் காட்டினேன்.

"நாந் தூங்குனதையா ஊரு ஒலகத்துக்கே சொன்ன, கழுத!" என்று சிரித்தார் அம்மா. கண் கலங்கியிருந்தது. கண்ணாடிக் கதையையும் சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்:

"அந்த ஐயா நின்னுக்கிட்டேவா படிச்சாக? நமக்காகவா?"

அதற்குப் பிறகு எத்தனையோ எழுதிவிட்டேன், அவரை இன்றுவரை நேரில் பார்த்ததில்லை. ஆனால் யாராவது சொல்வது புரியாமல் நான் எரிச்சலோடு நகரப் பார்க்கும்போதெல்லாம், எவளோ ஒருத்தியின் திரும்பிப்போன எழுத்துக்காகக் கண்ணாடி முன் நின்ற அந்த மனிதர் நினைவுக்கு வந்துவிடுகிறார். நானும் இன்னும் கொஞ்ச நேரம் நின்று கேட்கிறேன்.