நாலாம் தொட்டி சொன்ன பதில்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். வேப்பம்பட்டு துர்காதேவி இன்றுவரை கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறுவதில்லை. இது பட்டப்பகலில் நடந்தது. அவளே என்னிடம் சொன்னாள்.

கும்மிடிப்பூண்டியில் ஒரு கெமிக்கல் கம்பெனி. தொட்டியைக் கழுவி முடித்ததும் உள்ளே நீராவி விடுவார்கள். அதற்கு முன் உள்ளே ஆள் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். தவறினால் ஓர் உயிர் போகும். அதற்குத்தான் துர்கா ஜாவாவில் ஒரு புரோகிராம் எழுதியிருந்தாள். ஒவ்வொரு தொட்டிக்கும் ஓர் எக்ஸ்எம்எல் எலிமென்ட், பெயர் மட்டும் ஒட்டிய வெறும் பெட்டி மாதிரி. அதற்குள் எதுவும் எழுதியிருக்காது. கேட்கும்போதுதான், அதன் பின்னால் நிற்கும் ஜாவா ஆப்ஜெக்ட், அதாவது தொட்டியின் விவரம் வைத்திருக்கும் புரோகிராம் துண்டு, பதில் சொல்லும். எந்த ஆப்ஜெக்ட் வேண்டுமானாலும் நிற்கலாம். நீ யார் என்று எலிமென்ட் கேட்காது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

முதல் நாள் சோதனை. சூப்பர்வைசர் முனுசாமி நீராவி வால்வில் கை வைத்தபடி நின்றார். அவள் லேப்டாப்பில் நாலாம் தொட்டியைக் கேட்டாள். திரையில் பதில் வந்தது.

பெயர்: சடையப்பன்.
இடம்: உள்ளே.
மூச்சு: இல்லை.

"தொறக்காதீங்க சார்! உள்ள சடையப்பன்னு ஒருத்தர்..."

"இன்னாம்மா நீ? அதோ டீ குடிச்சிக்கினு கீறானே!"

கிளாஸும் கையுமாக நின்ற சடையப்பன் சிரித்தான். "என்னிய சாவடிச்சிட்டீங்களே மேடம்!"

துர்கா மறுபடி திரையைப் பார்த்தாள். மூச்சு என்று ஒரு வரியா? அவள் எழுதவில்லையே. கூட வேலை செய்யும், தொட்டிகளுக்கு ஆப்ஜெக்ட் மாட்டும் மோகன்ராஜ் சேர்த்திருப்பான் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். மறுபடி கேட்டாள்.

அதே பதில்.

"இன்னாத்துக்கு பேஜாரு?" என்றார் முனுசாமி. "சடையா, எறங்கி ஒரு பார்வ பாத்துட்டு வந்துடு."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். என் புரோகிராமைப் பார்த்து எனக்கே பயமாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? சிரிப்பார்களே...

சொல்லவில்லை.

அவன் கிளாஸைக் கீழே வைத்தான். இரும்பு ஏணியில் இறங்கினான்.

டங்... டங்... டங்...

அப்புறம் சத்தமே இல்லை.

"சடையா!"

அடியில் வாயு தேங்கியிருந்தது. கயிறு கட்டித் தூக்கினார்கள். மூச்சு இல்லை.

டீ இன்னும் ஆறவில்லை.

மறுநாள் மோகன்ராஜுக்கு போன் செய்தாள்.

"மூச்சுன்னு ஒரு வரி நீ சேத்தியா?"

"இல்லியே."

"அப்போ நாலாம் தொட்டிக்கு எந்த ஆப்ஜெக்ட மாட்டின?"

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

"நாலாம் தொட்டிக்கு இன்னும் எதையும் மாட்டல துர்கா. அதுக்குப் பின்னாடி யாருமே இல்ல."