சுண்டுவிரலில் தூக்கிய பை

இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வரும்போது எங்கள் அக்கா அவர்கள் மறைந்து ஓராண்டு நிறைந்திருக்கும். கட்டுரையைக் கேட்டு அச்சக அண்ணாச்சி இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார். நானோ ஒரு வரி எழுதுகிறேன், எழுந்துபோய் அடுப்பைப் பார்க்கிறேன். இன்னொரு வரி எழுதுகிறேன், தெருவில் பஸ் சத்தம் கேட்டால் எட்டிப் பார்க்கிறேன். ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாத இந்தக் குணம் அக்காவிடமிருந்து ஒட்டிக்கொண்டதுதான். அவரை ‘அவர்’ என்று நான் எழுதுவதைப் பார்த்தால், “யாரட்டி சொல்லுத?” என்று கேட்டிருப்பார்.

அக்கா பிறந்தது முக்கூடலில். எட்டு வருடம் கழித்து நானும் அங்கேதான் பிறந்தேன். என்னைப் பெற்ற கையோடு அம்மா போய்விட்டார். எனக்கு ஆறு வயதானபோது அப்பாவும் போனார். பிறகு எங்கள் இருவருக்கும் சொந்தமென்று மிஞ்சியது ஒரு தகரப்பெட்டி. அம்மாவின் பித்தளைப் பாத்திரங்கள், அப்பாவின் சட்டைகள், எங்கள் துணிமணி, புத்தகம் எல்லாம் அதற்குள்தான். ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போனோம். எந்த வீடு என்று சொல்ல மாட்டேன். அவர்கள் கையிலும் இந்த மலர் இருக்கிறது. வாசலில் நின்ற அத்தை பெட்டியைப் பார்த்துவிட்டு, “பெட்டியப் பாத்தா ரொம்ப நாளைக்கு வந்தமாரில்லா இருக்கு” என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். அந்த வீட்டில் ஏற்கெனவே ஏழு வாய். ஆனாலும் பெட்டியின் பிடியில் அக்காவின் கை இறுகியதை நான் பார்த்தேன். அங்கே ஐந்து வருடம் இருந்தோம். அந்தப் பெட்டியில் இருந்ததை அக்கா ஒருநாளும் வெளியே எடுத்து அடுக்கவில்லை.

தையல் படித்தார். ஒரு தையல் மெஷின் கம்பெனியில், ஊர் ஊராகப் போய்ப் பெண்களுக்கு மெஷினை ஓட்டிக் காட்டும் வேலை கிடைத்தது. தச்சநல்லூரில் ஒற்றை அறை எடுத்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார், படிக்க வைத்தார், ராதாபுரத்தில் ஒரு வாத்தியாருக்குக் கட்டிக் கொடுத்தார். தனக்கென்று வந்த வரன்களை, “எனக்கு நேரமில்ல” என்று தட்டிக் கழித்துவிட்டார். உண்மையில் நேரமில்லைதான். மாதத்தில் இருபது நாள் சங்கரன்கோவில், கோவில்பட்டி, நாகர்கோவில் என்று பஸ்ஸிலேயே இருந்தார்.

அந்த இருபது நாளுக்கும் ஒரே நீல ரெக்சின் பை. ஒரு நாளைக்கு உரிய சேலை, ஜாக்கெட், உள்பாவாடை மூன்றையும் சேர்த்துச் சுருட்டி ஒரு நாடாவால் கட்டுவார். ஒரு நாளுக்கு ஒரு சுருள். காலையில் ஒன்றை எடுத்தால் போதும், பையைக் கிளற வேண்டியதில்லை. முழுச் சோப்பை நூலால் நான்காக அறுத்து ஒரு துண்டுதான் கொண்டுபோவார். கேமரா பிலிம் வரும் சின்ன டப்பாக்கள் மூன்று: ஒன்றில் பல்பொடி, ஒன்றில் எண்ணெய், ஒன்றில் திருநீறு. தையல் மாதிரிகளைத் தனியாக எதற்குத் தூக்க வேண்டும் என்று, தன் ஈரிழைத் துண்டின் ஓரத்திலேயே எல்லா மாதிரியையும் தைத்து வைத்திருந்தார். அந்தத் துண்டுதான் பஸ்ஸில் இடம் பிடிக்கும், வெயிலுக்குத் தலையில் ஏறும், கூட்டத்தில் மெஷின் மேல் விரிக்கப்பட்டுப் பாடமும் நடத்தும். கிளம்பும் முன் பையைச் சுண்டுவிரலில் மாட்டித் தூக்கிப் பார்ப்பார். விரல் வளைந்தால் ஏதாவது ஒன்று வெளியே வந்துவிடும்.

நான் நேர்மாறு. திருச்செந்தூருக்கு ஒருநாள் போய்வர மூன்று பை கட்டுவேன். “ஏட்டி, குடிபோறியா, சாமி கும்பிடப் போறியா?” என்று பஸ் ஸ்டாண்டில் எல்லோர் முன்னாலும் கேட்டு மானத்தை வாங்குவார்.

சிரிப்பெல்லாம் சரி. அந்தப் பை என் வீட்டுக்கு வரும்போதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அக்கா படியேறியதுமே, வாங்கி உள்ளே வைப்பதுபோல் வாங்கி, சுருள்களை எண்ணிவிடுவேன். எப்போதும் இரண்டுதான். இரண்டு சுருள் என்றால் இரண்டு நாள். இருந்து போ என்றால், “துணி கொண்டாரலியேட்டி” என்பார். துவைத்தால் காயாதா என்று கேட்டால் பையின் ஜிப்பை இழுத்து மூடுவார். அந்த இரண்டு நாளும் சும்மா இருக்க மாட்டார். என் தலையணை உறைகளைத் தைப்பார், மிளகாய்ப் பொடி டப்பாவை இடம் மாற்றுவார், பஸ் நேரம் விசாரிப்பார்.

என் மகளுக்குக் காது குத்திய சமயம் நான் ஒரு காரியம் செய்தேன். இரண்டாம் நாள் காலை அக்கா குளிக்கப் போனதும் அவருடைய சேலை எல்லாவற்றையும் வாளியில் நனைத்துவிட்டேன். ராதாபுரம் காற்றில் கொடியில் போட்டால் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். அதனால் பிழியாமல் அப்படியே தண்ணீரில் விட்டு வைத்தேன். அக்கா வெளியே வந்து தேடினார்.

“என் சேலய எங்கட்டி?”

“நனச்சிட்டேன்.”

“எல்லாத்தையுமா?”

“பஸ் நாளைக்கும் வரும்க்கா. இன்னைக்கு என் சேலயக் கட்டிக்கோ.”

அத்தை வீட்டில் இருந்த அந்த ஐந்து வருடமும் பிறர் கழித்துப் போட்ட துணியைத்தான் உடுத்தி வளர்ந்தோம். நான் அதை மறந்திருந்தேன், அக்கா மறக்கவில்லை. வாளியிலிருந்து ஒரு சேலையை எடுத்துப் பிழிந்து, அந்த ஈரத்தையே கட்டிக்கொண்டார். எனக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது.

“அந்த வீடும் என் வீடும் உனக்கு ஒண்ணுதானா?” என்று கத்தினேன். கத்தியதற்கு இன்றுவரை வருந்துகிறேன். ஆனால் அந்தக் கேள்வி என் மனதில் பல வருடமாக இருந்தது.

அக்கா பையைச் சுண்டுவிரலில் மாட்டித் தூக்கிப் பார்த்தார். “நாங்குநேரி போறதுக்குள்ள காஞ்சிரும்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

ஐந்து மாதம் வரவில்லை. கார்டு மட்டும் வந்தது, நான்கு வரி, அதில் மூன்று வரி என் மகளைப் பற்றி. ஆறாவது மாதம் ஒரு நண்பகலில் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தார். தோளில் நீலப் பை இல்லை. கையில் பெரிய காக்கிப் பை, அதையும் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, இடையில் நின்று நின்று வந்தார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. வாசலுக்கு ஓடிப்போய், “பையப் பாத்தா ரொம்ப நாளைக்கு வந்தமாரில்லா இருக்குக்கா!” என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. அன்று அத்தை சொன்ன அதே வார்த்தை. அக்காவும் படியில் ஏறாமல் நின்றுவிட்டார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

“ஆமாட்டி. பன்னெண்டு நாளு. நீதான் எண்ணுவியே, எண்ணிக்கோ.”

எண்ணினேன். பன்னிரண்டு சுருள் இருந்தது. தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் திருநீறு எடுக்க அந்தச் சின்ன டப்பாவைத் திறந்தபோது உள்ளே மாத்திரைகள் இருந்தன. கேட்டதற்கு, “நெஞ்சு கொஞ்சம் படபடங்கு. அலையக் கூடாதுன்னு டாக்டர் சொல்லுதாரு” என்றார். ஏன் முன்பே சொல்லவில்லை என்று நான் அழுதேன். “அலையாம இருக்கணும்னா அதுக்கு ஒரு வீடு வேணும்லா? அதான் வந்திருக்கேன். மூக்கச் சிந்திட்டுக் காப்பி போடு” என்றார். என் கேள்விக்குப் பதில் சொல்ல அவருக்கு ஆறு மாதம் ஆகியிருந்தது.

வந்தும் அடங்கி இருந்தாரா என்றால் இல்லை. ஜன்னல் திரைகளுக்கு ஓரம் அடித்தார். என் மகளுக்குப் பள்ளிப் பை கட்டச் சொல்லிக் கொடுத்தார். சாயங்காலம் வாசலில் நின்று, பஸ்ஸுக்குப் போகிறவர்களின் மூட்டைகளைப் பார்த்துக் கேலி பேசினார். துவைத்த சேலையை உடுத்தச் சொன்னால் கேட்க மாட்டார். தினமும் காலையில் ஒரு புதுச் சுருளைப் பிரிப்பார். ஒன்பதாம் நாள் காலை ஒன்பதாவது சுருளை உடுத்திக்கொண்டு, துணி காயப்போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, “கொஞ்சம் தண்ணி தாட்டி” என்றார். நான் டம்ளரோடு வந்தபோது தலை சாய்ந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார்.

காரை எடுத்துக்கொண்டு ஓடி வந்த எதிர்வீட்டு அண்ணாச்சிக்கும், தன் சொந்த மாமியாருக்குச் செய்வதுபோல் எல்லாம் செய்த என் வீட்டுக்காரருக்கும், அக்காவிடம் தையல் கற்று, செய்தி கேட்டு எங்கிருந்தெல்லாமோ வந்து சேர்ந்த பெண்களுக்கும் எங்கள் நன்றி என்றும் உண்டு. முதலில் வந்து சேர்ந்தவர் அந்த அத்தைதான். தள்ளாத வயதில் பதினாறு நாளும் என்னோடு இருந்தார். அவர் பையில் இருந்ததை நான் எண்ணவில்லை.

மூன்று சுருள்கள் இன்னும் பிரிக்கப்படாமல் என் பீரோவில் இருக்கின்றன. ஊர் ஊராகப் போன அத்தனை வருடமும் ஒரு சேலை கூடக் கூடுதலாக எடுத்துப் போகாத அக்கா, ஒரே ஒரு முறை தேவைக்கு மேல் கொண்டுவந்தது என் வீட்டுக்குத்தான்.

ஆண்டு நினைவுக்கு வந்து, இந்த மலரை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்புகிற சொந்தங்களே, மாற்றுத்துணி கொண்டுவரவில்லை என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள். இன்று ஒரு நாள் இருந்து போங்கள். பஸ் நாளைக்கும் வரும்.