ரசஞ் சாதத்தில் கலந்த மாத்திரை

என் தம்பி படித்தவன், அக்காவான என்னைவிட நிதானமானவன். முப்பது வயதில் அவனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. பக்கத்து வயல்காரர்கள் தன் சாப்பாட்டில் விஷம் வைக்கப் பார்க்கிறார்கள் என்றான். யாருமில்லாத இடத்தில் பேச்சுக்குரல் கேட்கிறது என்றான். நீடாமங்கலத்தில் பஸ் ஏறி, தஞ்சாவூரில் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப் போனேன். அவர் எழுதிக் கொடுத்த மாத்திரையில் ஒன்றைக்கூட அவன் வாயில் வைக்கவில்லை.

அடுத்த முறை வெளிநோயாளிகள் வரிசையில் காத்திருந்தபோது, மகனை அழைத்து வந்திருந்த ஓர் அம்மா என் காதோரம் சொன்னார்: "பொடி பண்ணி ரசஞ் சாதத்துல போட்டுடுங்க. நாங்கல்லாம் அப்படித்தான் குடுக்குறோம்." எனக்காவது புத்தி வேண்டாமா? அன்றைக்கே ஏலக்காய் இடிக்கும் சின்ன உரலில் மாத்திரையை இடித்தேன். ஒழுங்காகப் போடுகிறாரா என்று மருத்துவர் கேட்டபோதெல்லாம் அவனை முந்திக்கொண்டு தலையாட்டினேன்.

குணமும் தெரிந்தது. குறுவை நடவுக்கு அவனே ஆள் பேசினான், வரப்பில் நின்று சிரித்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில் ஒருநாள் உரலைக் கழுவ மறந்துவிட்டேன். தண்ணீர் குடிக்க அடுப்படிக்கு வந்தவன், அதில் ஒட்டியிருந்த வெள்ளைப் பொடியைத் தொட்டு முகர்ந்து பார்த்தான். மறுவேளையிலிருந்து என் கையால் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுத் தானே கஞ்சி வைத்துக் குடித்தான். கொஞ்ச நாளில் குரல்களும் திரும்பி வந்தன. நோய் சொன்ன பொய்யை நிஜமாக்கியவள் நான்தான் என்று நினைத்து நினைத்து அழுதேன்.

மறுபடி தஞ்சாவூருக்கு அவனே முன்னால் கிளம்பினான், என்மேல் புகார் சொல்ல. அங்கே கவுன்சிலிங் கொடுக்கும் பெண் அவன் சொன்ன எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இவர் சொல்றது உண்மையாங்க?"

"உண்மைதாங்க. விஷம் இல்ல, மாத்திரை" என்றேன். பிறகு தம்பியிடம், "உங்கிட்ட சொல்லாம குடுத்தது தப்புடா" என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. அவனிடம் பேசினார்: "இனிமே உங்களுக்குத் தெரியாம எதுவும் கிடையாதுங்க. மாத்திரைய நீங்களே எடுத்துப் போட்டுக்கலாம். இல்லன்னா டாக்டர்கிட்ட கேட்டு மாசம் ஒரு ஊசி போட்டுக்கலாம். எதுவானாலும் வாரம் ஒருதடவ எங்கிட்ட வந்து பேசுங்க. எது சரிப்படும்னு நீங்க சொல்லுங்க."

அவன் என் பக்கம் திரும்பாமல் அவரிடமே சொன்னான்: "ஊசி. மருந்த என் கண்ணு முன்னாடி எடுக்கணும்."

மருத்துவரும் சரி என்றார். ஊசி போட்டு வெளியே வந்ததும் எதிர்க்கடையில் இரண்டு டீ வாங்கி ஒன்றை அவனிடம் நீட்டினேன். நீட்டியதை அவன் தொடவில்லை. எனக்கென்று வைத்திருந்ததை எடுத்துக்கொண்டான்.

"நீ அதக் குடி, அக்கா."

சட்டென்று கோபம் வரும் பிறவி நான். அன்றைக்கு வரவில்லை. நாக்கு பொசுங்க முழுவதையும் குடித்தேன். காலி கிளாஸை எட்டிப் பார்த்த பிறகுதான் அவன் குடித்தான்.