இம்புட்டு வெற்றிலையையும் யார் மென்றது?

மதுரையில் என்னைவிடப் புத்திசாலி டிரைவர் கிடையாது. பொய். புத்தியிருந்தால் கார் இன்ஷூரன்ஸ் பாரத்தில் 'சொந்த உபயோகம்' என்று எழுதச் சொல்லியிருப்பேனா? வாடகைக் கார் என்றால் கட்டணம் கூடுதல். கைநாட்டான எனக்கு அது மட்டும் நன்றாக விளங்கியது. (இதைக்கூட நான் சொல்லச் சொல்ல, ஜவுளிக்கடைக் கணக்கர்தான் எழுதுகிறார்.)

பாரம் எழுதிய ஏஜெண்டு காதர் பாய், ஒருநாள் சோழவந்தானில் என் காரை மறித்தார். பின்சீட்டில் இரண்டு வியாபாரிகள், அவர்கள் மடி நிறைய வெற்றிலைக் கட்டு.

"சொந்த உபயோகமாண்ணே? இம்புட்டு வெத்தலையும் நீங்க ஒருத்தரே மெல்லுவீகளா?"

"பாக்குதான் பத்தாது பாய்."

அவர் சிரிக்கவில்லை. "வாடகைக்குப் போகையில மோதுனா இந்தக் காகிதம் செல்லாதுண்ணே. அடிபட்டவுகளுக்குக் காரை வித்துத்தான் குடுக்கணும்."

அன்றே காகிதத்தை மாற்ற வைத்தார். வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே போனேன்.

அடுத்த மாதமே ஒரு மாட்டுவண்டியில் மோதினேன். வண்டிக்காரருக்குக் கால் முறிந்தது. ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனி கொடுத்தது. காரும் எனக்கு மிஞ்சியது. அன்று பாய் பார்த்தும் பாராததுபோல் போயிருந்தால், என்னை யார் காப்பாற்றியிருப்பார்கள்? அப்படிப்பட்ட மனுஷரை நான் கண்டதில்லை.

இப்போதெல்லாம் பாரத்தை முழுக்க வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கைநாட்டு வைக்கிறேன். சந்தேகத்தையும் விடுவதில்லை. என் காரை வேறொருவர் ஓட்டி மோதினால் என்ன ஆகும் என்று போன வாரம் கேட்டேன். அதற்குப் பாய்... இருங்க கணக்கரே, யாரோ சவாரிக்குக் கூப்பிடுகிறார்.

"அண்ணே, தல்லாகுளம் கோர்ட்டுக்கு வாரீகளா?"

"வாரேன், ஏறுங்க! வாடகைக் காருதான், பாரத்திலயே எழுதியிருக்கு!"