உலர்த்தும் மாடியில் ஒரு கூகை

ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் கோவிந்தசாமி முப்பத்தோரு வருஷமாக செலக்டர். ஏதோ பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். பதப்படுத்தி முடித்த ஆட்டுத்தோலை மேஜைமேல் விரித்து, விரலால் தடவி, இது முதல் தரம், இது மூன்றாம் தரம் என்று பிரித்து, பின்பக்கத்தில் சாக்பீஸால் குறையை எழுதுகிற வேலை. உண்ணிக் கடி, முள் கீறல், அம்மை வடு, கத்திக் காயம், இப்படி. கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் சொல்லிவிடுவார். அந்தக் கர்வம் அவருக்கு நிறையவே உண்டு.

எதையும் தொட்டுப் பார்த்துத்தான் நம்புவார். மகளுக்குச் சம்பந்தம் பேசப் போன வீட்டில் மாப்பிள்ளையின் பெல்ட்டைத் தடவிப் பார்த்து, "இது ரெக்ஸின்" என்று சபையில் சொன்ன மனுஷன். மனைவி சௌந்தரம் வயிற்றுவலியில் துடித்தபோது அமுக்கிப் பார்த்து, "ஒன்னுமில்ல, வாயுதான்" என்றார். ஸ்கேன் எடுத்ததில் பித்தப்பையில் கல். "மேல தடவிட்டு சொல்றதுக்கு நான் இன்னா தோலா?" என்று சௌந்தரம் ஆறு மாதம் சொல்லிக் காட்டினாள். அவரும் கேட்டுக்கொண்டார். திருந்தியதாகத் தெரியவில்லை.

உலகத்தில் அவருக்கு ஆகாத ஒரே ஜீவன் எலி. தோலைத் தொங்கவிட்டு உலர்த்தும் மேல்மாடியில் எலி புகுந்து ஓரத்தைக் கொறித்துவிடும். நல்ல முதல் தரத் தோல் ஒரே ராத்திரியில் மூன்றாம் தரம் ஆகிவிடும். மேனேஜர் சுஹேல் அகமதுவிடம் சண்டை பிடித்து எலி மருந்து வரவழைத்ததே கோவிந்தசாமிதான். சனிக்கிழமைதோறும் நீலக் கட்டிகளை மூலைக்கு மூலை வைப்பதும் அவரே. வேறு யாரையும் நம்பமாட்டார்.

அதே மாடியின் உச்சியில், உடைந்த வென்டிலேட்டர் பொந்தில், ஒரு ஜோடி கூகை குடியிருந்தது. வெள்ளை முகம், வெல்லநிற முதுகு. வேலையாட்கள் சாவுக் குருவி என்பார்கள், அண்ணாந்து பார்க்கக்கூட மாட்டார்கள். கோவிந்தசாமிக்கு அந்தப் பயமெல்லாம் கிடையாது. விசேஷமான பாசமும் கிடையாது. அவை அங்கே இருந்தன, அவ்வளவுதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அதில் ஒன்று தரையில் உட்கார்ந்திருந்தது. பகலில் கூகை தரையில் உட்காராது. ஆள் கிட்டே வந்தும் பறக்கவில்லை. வேலையாட்கள் மாடிப்படியிலேயே நின்றுவிட்டார்கள்.

"அத்தத் தொடாதண்ணே, ஆவாது" என்றான் ஒருவன்.

கோவிந்தசாமி ஏப்ரனைக் கழற்றி அதன்மேல் போட்டுத் தூக்கினார். மேஜைமேல் வைத்து, தோல் பார்க்கிற மாதிரியே பார்த்தார். இறக்கை இரண்டையும் விரித்து எலும்போடு தடவினார். நெஞ்சில் கை வைத்தார், சதை நன்றாகவே இருந்தது. கால், நகம், கழுத்து, முதுகு. பறவை கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு சும்மா இருந்தது. அது அடங்கி இருப்பதைத் தன் கைப்பக்குவம் என்று எடுத்துக்கொண்டார்.

"ஒரு கீறல் இல்ல. ஃபர்ஸ்ட் குவாலிட்டி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வெயிலில் மிரண்டிருக்கும் என்று முடிவு செய்து, பொந்துக்குக் கீழே இருந்த பலகையில் அதை விட்டு, ஒரு தட்டில் தண்ணீரும் வைத்துவிட்டு இறங்கினார். சாயங்காலம் போய்ப் பார்த்தார். அப்படியே இருந்தது. தூங்கட்டும் என்று விட்டுவிட்டார்.

மறுநாள் காலையில் அது மறுபடி தரையில் கிடந்தது. அலகோரத்தில் ரத்தம். கோவிந்தசாமி ஒரு அட்டைப்பெட்டியில் துணி விரித்து அதை வைத்துக்கொண்டு, சுஹேலிடம் அரைநாள் லீவு கேட்டார். சர்க்கஸ் பார்ப்பது போலப் பார்த்தார் சுஹேல். ஆனாலும் விட்டார்.

கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டர் பிரிசில்லா முதலில் அலகைத் திறந்து வாய்க்குள்தான் பார்த்தார்.

"உள்ள பாருங்கய்யா, வெளுத்துப் போயிருக்கு. உடம்புக்குள்ளயே ரத்தம் கசியுது."

"மேல காயமே இல்லியே டாக்டரம்மா. நான் நல்லா தடவிப் பாத்தேன்."

"மேல எதுவும் இருக்காது. எலி மருந்து தின்ன எலிய இது புடிச்சித் தின்னிருக்கும். உங்க எடத்துல மருந்து வைக்கிறாங்களா?"

"வைக்கிறாங்க" என்றார் கோவிந்தசாமி. டாக்டர் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தார். பெட்டித் துணியை இழுத்துச் சரிசெய்துகொண்டே, "நான்தான் வைக்கிறேன்" என்றார் கோவிந்தசாமி.

டாக்டர் திட்டவில்லை. ஊசி போட்டார். "நேத்தே கொண்டாந்திருந்தா கொஞ்சம் சான்ஸ் இருந்திருக்கும்" என்று மட்டும் சொன்னார். அது கோவிந்தசாமிக்குத் திட்டைவிட ஜாஸ்தியாகப் பட்டது. பதினொரு மணி சுமாருக்கு பெட்டிக்குள் அசைவு நின்றது.

"இன்னொன்னு இருக்குதும்மா" என்றார் கோவிந்தசாமி.

"அப்ப மருந்த எடுத்துடுங்க. இன்னிக்கே."

மத்தியானமே மாடி முழுக்க ஊர்ந்து நீலக் கட்டிகளைப் பொறுக்கினார். எங்கெங்கே வைத்தது என்று அவருக்குத்தான் தெரியும். பொந்தில் மற்ற கூகை திரும்பி உட்கார்ந்திருந்தது.

"இன்னாண்ணே, நீதான மருந்து வேணும்னு உயிர எடுத்த?" என்றார் சுஹேல். "சரி, பொறி வச்சிப் பாரு. ஆனா ஒன்னு. எலி கடிச்ச தோல் ஒரே ஒரு பீஸ் வந்துச்சின்னாலும் அன்னிக்கே மருந்து திரும்ப வைப்பேன். ஷிப்மென்ட் டைம், பேஜார் பண்ணாத."

"சரி பாய்."

பத்துப் பொறி வைத்தார். எலிகள் விழுந்தன. தினமும் வேலை தொடங்குமுன் மாடியேறி, பொந்துக்கு நேர்கீழே தரையைப் பார்ப்பார். எலி மயிரும் எலும்புமாகக் கூகை கக்கிய கறுப்பு உருண்டை புதிதாகக் கிடந்தால் மனசு லேசாகும். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

மூன்றாவது வாரம் வியாழக்கிழமை, மேஜையில் விரித்த தோலின் ஓரத்தில் அவர் விரல் நின்றது. கட்டைவிரல் அகலம். ஆடு உரிக்கும்போது கத்தி பட்ட இடம் வழவழவென்று இருக்கும். இது சின்னச் சின்னப் பல்லாக நெருடியது. சந்தேகமே இல்லை, எலிதான்.

முப்பத்தோரு வருஷத்தில் அவர் ஒரு குறையை மறைத்ததில்லை, ஒன்றை இன்னொன்றாக எழுதியதும் இல்லை. முதலாளியே கேட்டும் ஒருமுறை மாட்டேன் என்றவர். எப்படி எழுதினாலும் மூன்றாம் தரம்தான், தரத்தில் பொய்யில்லை என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். அது சமாதானம்தான், நியாயமில்லை என்று அவருக்கே தெரியும். எந்த ஊரிலோ ஆடு உரித்த யாரோ ஒருவன் தலையில் பழி விழும். சாக்பீஸை எடுத்தார். தோலைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் 'கத்திக் காயம்' என்று எழுதினார்.

சாயங்காலம் சுஹேல் அடுக்குகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். மூன்றாம் தர அடுக்கின் மேலே அந்தத் தோல்தான் இருந்தது.

"எலி கடிச்சது எதுனா வந்துச்சாண்ணே?"

"இல்ல பாய்."

சுஹேல் குனிந்து அந்த எழுத்தைப் படித்தார். படித்துவிட்டு, தோலைத் தொட்டுப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.