தெம்போவுக்கு இரண்டு அர்த்தம்

பிழை விட்டது உண்மைதான். இல்லை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. இத்தாலிக்கு, பலெர்மோவுக்கு வீட்டு வேலைக்கு வந்த புதிதில், யன்னல் துடைத்துக்கொண்டு நின்ற என்னிடம், வெளியே தெம்போ எப்படி என்று வீட்டுக்கார அம்மா சிஞ்ஞோரா கேட்டார். நான் மணிக்கூட்டைப் பார்த்து, எட்டரை என்றேன். இத்தாலியனில் நேரத்துக்கும் தெம்போதான், காலநிலைக்கும் தெம்போதான் என்று எனக்கு யார் சொல்லித் தந்தது? "தெம்போ இல்லை, தெம்போ இல்லை, கெதியா" என்று காலையும் மாலையும் விரட்டி அந்தச் சொல்லை எனக்குப் படிப்பித்ததே அந்த மனுசிதான். நாங்களும் போன காலம் என்கிறோம், மழைக்காலம் என்கிறோம். அதற்காக யாராவது விழுந்து விழுந்து சிரிக்கிறோமா?

அந்த வீடு சிரித்தது. வருஷக்கணக்காகச் சிரித்தது. எனக்கு 'எட்டரை' என்றே பட்டம் வைத்தார்கள். விருந்தாளிகள் வந்தால் கோப்பிக்கு முன்னால் இந்தக் கதை வந்துவிடும். நானும் தட்டோடு நின்று பல்லைக் காட்டவேண்டும்.

வீடு பொலிதேயாமா தியேட்டருக்குப் பின்னால். சிஞ்ஞோராவின் மனுசன் சிஞ்ஞோரேக்கு ஒரு பெற்றோல் எண்ணெய்க் கம்பனியில் பெரிய உத்தியோகம். பத்திரிகைக்காரர் எதையாவது கேட்டால் கம்பனிக்காக வாய் திறப்பவர் அவர்தான். அவருடைய ஒரே மகளை நடை பழகிய நாளிலிருந்து வளர்த்தது நான். அக்கா என்றுதான் என்னைக் கூப்பிடுவாள். ஆம் என்பதற்கு என்னோடு மட்டும் தமிழில் "ஓம்" என்பாள். அந்த ஒரு ஓமுக்காகவே எத்தனையோ பேச்சைக் கேட்டுக்கொண்டு அங்கே கிடந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வைகாசி. அவளுக்குப் பத்து வயதிருக்கும். உலகம் சூடாகிறதா என்று வகுப்பில் எழுந்து நின்று பேசச் சொல்லியிருந்தார்கள். தகப்பனிடம் கேட்டாள். "அது ஒருத்தருக்கும் வடிவாத் தெரியாது, செல்லம். விஞ்ஞானியளே தங்களுக்குள்ள சண்டை பிடிக்கினம். அப்பிடியே சொல்லு" என்றார். நான் பக்கத்து அறையில் உடுப்பு அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தேன். படித்த மனிதர் சொல்கிறார், சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

அந்த ஞாயிறு வட இத்தாலியிலிருந்து கம்பனிக்காரர் இருவர் சாப்பிட வந்தார்கள். ஆபிரிக்காப் பக்கத்து வெக்கைக் காற்று அடித்த நாள். சிஞ்ஞோராவும் பிள்ளையும் மொண்டெல்லோவுக்குக் கடல் குளிக்கப் போயிருந்தார்கள். நான் மீனை மேசையில் வைக்கும்போது ஒருவர் வேர்வையைத் துடைத்தபடி, "எங்கட ஆய்வுகூடக்காரர் எப்பவோ கணக்குப் பார்த்துச் சொல்லிப்போட்டினம். எண்ணெய் எரிய எரிய உலகம் சூடாகும். அதில சந்தேகம் இல்லை" என்றார்.

"அது எங்களுக்குத் தெரிஞ்சால் காணும். சனத்துக்குச் சந்தேகம் இருக்கோணும். நான் சம்பளம் வாங்கிறது அதுக்குத்தானே" என்றார் எங்கள் சிஞ்ஞோரே.

பிறகு என்ன செய்வது என்று மற்றவர் கேட்டார். சிஞ்ஞோரே கிளாசைத் தூக்கிக்கொண்டு சிரித்தார். "சே தெம்போ." நேரம் இருக்கிறது.

நான் நிற்கிறேனே என்று குரலைத் தாழ்த்தக்கூட இல்லை. கதிரைக்குக் காது இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லைதானே. கோதாரி விழுவான்! ஊருக்குப் பொய் சொல்வது உன் உத்தியோகம், சரி. பெற்ற பிள்ளைக்குமா?

வீட்டுக்குப் போய் என் மனுசனிடம் சொன்னேன். அவர் மொண்டெல்லோவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார். "இஞ்சேரும், எண்ணெய்க்காரன்ர உப்பைத் திண்டுகொண்டு எண்ணெயைப் பற்றிக் கதைக்கப் போறீரோ? ஏழை சொல் அம்பலம் ஏறாது. வாயைப் பொத்திக்கொண்டு இரும்" என்றார்.

"அம்பலம் ஏற வேண்டாம். அந்தப் பிள்ளையின்ர காதில ஏறினால் காணும்" என்றேன்.

அடுத்த நாள் அவள் குசினியில் நின்று பேசிப் பழகினாள். ஒருத்தருக்கும் தெரியாது, ஒருத்தருக்கும் தெரியாது என்று திருப்பித் திருப்பி. எனக்குப் பொறுக்கவில்லை. "உன்ர அப்பாவுக்குத் தெரியும்" என்று தொடங்கி, கேட்டதெல்லாவற்றையும் இத்தாலியனில் ஆறுதலாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். அவள் முகம் சின்னதாகிப் போனது.

"உண்மையோ, அக்கா?"

"ஓம்."

"ஓம்" என்று அவளும் சொன்னாள்.

இராச்சாப்பாட்டில் தகப்பனிடம் நேரே கேட்டேவிட்டாள். கத்தப் போகிறார், என்னை வேலையால் கலைக்கப் போகிறார் என்று சூப் பாத்திரத்தோடு நின்றேன். அவர் வாயைத் துடைத்துவிட்டுச் சிரித்தார்.

"ஆர் சொன்னது, எங்கட எட்டரையோ? நேற்று வெளியில அடிச்ச வெக்கையைப் பற்றித்தான் கதைச்சம், செல்லம். தெம்போ எண்டால் எது நேரம், எது காலநிலை எண்டு அவவுக்கு இண்டைக்கும் தெரியாது."

சிஞ்ஞோரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இல்லை, எனக்கு எல்லாம் விளங்கினது என்று சொல்ல வாயெடுத்தேன். ஆத்திரத்தில் நாக்குப் பிரண்டு, 'உனக்கு விளங்கினது' என்று வந்துவிட்டது. அதற்கும் சிரிப்பு. பிள்ளை என்னைப் பார்த்தாள், தகப்பனைப் பார்த்தாள். பிறகு அவளும் சிரித்தாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் ஆக்கிப் போட்ட சாப்பாட்டிலேயே, என் கண்ணுக்கு முன்னாலேயே மறைத்தான் பாவி. என்னை வேலையை விட்டு நிறுத்தவும் இல்லை. நிறுத்தியிருந்தால், நான் சொன்னதற்குப் பயந்தார்கள் என்றாவது இருந்திருக்கும்.

இப்போது கோடை வந்தால் மலைப்பக்கம் எரிகிற புகை வியா மக்வேதாத் தெருவில் எங்கள் பல்கணி வரைக்கும் வருகிறது. ஊர் முழுக்கத் தெம்போவைப் பற்றித்தான் பேச்சு. எனக்கு அந்த மனிதரின் சிரிப்பைவிட அதற்கு அடுத்த நாள்தான் இன்னும் நெஞ்சுக்குள் கிடந்து எரிகிறது.

பள்ளியால் துள்ளிக்கொண்டு வந்தாள். ஒருத்தருக்கும் தெரியாது என்று பேசினாளாம், ரீச்சர் கைதட்டினாவாம். நான் பாலை வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பி அடுப்பைத் துடைக்கத் தொடங்கினேன். அவள் எழும்பி வந்து என் கன்னத்தைத் தடவினாள். இரக்கமுள்ள பிள்ளை, நான் வளர்த்த பிள்ளை.

"கவலைப்படாதையுங்கோ, அக்கா. நான் உங்களுக்கு இத்தாலியன் வடிவாப் படிப்பிக்கிறன்."

"எப்ப?" என்றேன்.

"சே தெம்போ" என்றாள்.