முகம் வரையும் மேசை

மல்வேர்ன் பகுதியில் நாங்கள் இருந்த டவுன்ஹவுஸ் வரிசையில் ஒவ்வொரு வருடமும் ஹலோவீன் அன்று பிள்ளைகளுக்கு ஒரு கொண்டாட்டம் நடக்கும். பிள்ளைகள் பேய் வேடமும் பூனை வேடமும் போட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்கக் கிளம்புவதற்கு முன் எல்லோரும் வரிசைக்குப் பொதுவான பார்ட்டி ரூமில் கூடுவோம். இப்போது என் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், நாங்களும் பக்கத்து ரூஜ் பகுதிக்கு வந்துவிட்டோம். இங்கே வீடு பெரிது, கதவைத் தட்டும் பேய்கள் குறைவு. ஒக்டோபர் கடைசியில் எனக்கு இன்னமும் அந்த அறையின் வாசனை வந்துபோகும். ஈர ஜக்கெட்டும் மரக்கறி ரோல்சும் சொக்லேட்டும் கலந்த வாசனை.

பிள்ளைகளின் முகத்தில் வர்ணத்தால் வேடம் வரையும் மேசை என் பொறுப்பு. வாசலில் நான் போட்ட கோலத்தை யாரோ பார்த்துவிட்டு என் தலையில் கட்டிய வேலை அது. நான் வரைந்த பூனையும் முயலும் ஒரே முகந்தான். பிள்ளைகள் பெரிய மனது வைத்து ஏற்றுக்கொண்டார்கள். எனக்குக் கோபம் தாய்மார் மேல்தான். நான் பாடுபட்டு ஒரு முகத்தை முடித்தால், குளிருக்குப் பயந்து தொப்பியும் மஃப்ளரும் சுற்றி மூக்கு நுனியை மட்டும் வெளியே விடுவார்கள்.

ஒரு வருடம் எங்கள் வரிசையின் கடைசி வீட்டுப் பிள்ளை வரவில்லை. ஏழு வயதுச் சிறுமி. அதன் தகப்பன் அந்த வருடத் தொடக்கத்தில் மாரடைப்பில் தவறிப்போயிருந்தார். ஆள் போய் ஒரு வருடத்துக்கு வீட்டில் கொண்டாட்டம் இல்லை என்பது எங்கள் வழக்கம். பிள்ளையின் பிறந்தநாளுக்குக்கூட அந்த வீட்டில் கேக் வெட்டவில்லை. ஆனால் நான் வர்ணப் பெட்டியோடு போகும்போது, அது ஜன்னல் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டேன். பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. போய்க் கதவைத் தட்டினேன்.

“திவசம் முடியேல்லை அக்கா,” என்றாள் தாய். “இந்த வருசம் நாங்கள் ஒண்டும் கொண்டாட மாட்டம்.”

“உது எங்கட கொண்டாட்டமே? பஞ்சாங்கத்தில கிடக்கே?”

“சனம் கதைக்கும்.”

“சனம் முழுக்க அங்க பேய் வேசம் போட்டுக்கொண்டு நிக்குது. ஆர் கதைக்கிறது?”

அவள் சிரிக்கவில்லை. ஜன்னலடியில் நின்ற பிள்ளையைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “நான் வரேல்லை. அவளை அனுப்பிவிடுறன்,” என்றாள். வழக்கில் வென்ற பெருமையோடு நான் திரும்பி வந்தேன்.

பிள்ளை தனியே வந்தது. பளபளக்கும் பட்டி வைத்த செம்மஞ்சள் நிற வேலை அங்கி முழங்காலுக்குக் கீழே தொங்கியது. அதன் தகப்பன் வேர்ஹவுஸ் ஷிஃப்டுக்குப் போகும்போது போடுகிற அங்கி அது. பஸ் ஸ்டாப்பில் அதோடு அவரை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். பிள்ளை என் முன்னால் கதிரையில் ஏறி இருந்தது.

“என்னம்மா கீறிவிட?”

“அப்பா மாதிரி, அன்ரி. மீசை வேணும்.”

எடுத்த தூரிகையைக் கீழே வைத்தேன். வரமாட்டோம் என்றவளை விடாமல் பேசிச் சம்மதிக்க வைத்தவள் நான். இந்த முகத்தோடு பிள்ளையை எப்படி அவளிடம் திருப்பி அனுப்புவது? “முயல் கீறட்டே?” என்று கேட்டுப் பார்த்தேன். அது தலையை ஆட்டி மறுத்தது. தூரிகையை மறுபடி எடுத்தேன். கறுப்பு மையைத் தொட்டு, ஞாபகத்தில் இருந்தபடி அந்த மனிதரின் மீசையை வரைந்தேன். பிள்ளை கைக்கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. கண்ணாடியைத் திருப்பிக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தாய் வாசலில் வந்து நின்றாள். பிள்ளை விட்டுவிட்டு வந்த ஜக்கெட் அவள் கையில் இருந்தது. பிள்ளை திரும்பியது. பக்கத்தில் கதைத்துக்கொண்டு நின்ற பெண்கள் தாயையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

“கோவிக்காதையம்மா,” என்றேன். “அவள்தான் கேட்டவள்.”

அவள் உள்ளே வந்தாள். ஜக்கெட்டை மேசையில் போட்டுவிட்டுப் பிள்ளைக்கு முன்னால் குந்தி இருந்தாள். நாடியைப் பிடித்து நிமிர்த்தி அந்த முகத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு என்னிடம் கையை நீட்டினாள். தூரிகையைக் கொடுத்தேன்.

“இந்தப் பக்கம் இவ்வளவு நீளமில்லை அக்கா,” என்றாள். “அவருக்கு ஒருநாளும் ரெண்டு பக்கமும் சரியா வெட்ட வராது.”

பெருவிரலால் மீசையின் ஒரு நுனியைத் துடைத்துவிட்டு, அவளே அதைக் கட்டையாக வரைந்தாள்.